எங்கள் சாமான் வந்துகொண்டிருக்கிறது

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் சாலை எல்லாருக்கும் ஒரே நீளம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்தும் காட்டினார்கள், நானும் நம்பித் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட எனக்குச் சம்மதம்தான், ஆனால் அதை அச்சடித்த தாளே அந்தச் சாலையில்தான் மாட்டிக்கொண்டது.

என் பெயர் மாரிக்கனி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா இல்லை, அம்மா சண்முகவடிவு உப்பளத்தில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாள். சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்ததும் நான் இனிப்பு வாங்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, உட்கார்ந்து திட்டம் போட்டேன். லாரி வாடகை, வீட்டு முன்பணம், புரோக்கருக்குக் கொடுப்பது, சாமான் ஏற்றுபவர்களுக்கு டீ, எங்கள் இருவருக்கும் பஸ், முதல் சம்பளம் வரும்வரை அரிசி பருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒதுக்கினேன். அட்டைப்பெட்டிகளை மருந்துக்கடையில் சும்மா வாங்கினேன். பாத்திரங்களுக்கு இடையில் பழைய சேலையைத் திணித்ததால் பேப்பர் செலவும் மிச்சம். தெரியாத செலவு என்றுகூட ஒரு தொகை வைத்தேன். இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், பின்னால் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியவரும்.

லாரி ஆபீசில் தங்கதுரை அண்ணாச்சி நல்ல யோசனைதான் சொன்னார்.

"ஏ கனி, உனக்கு எதுக்குளா முழு லாரி? டாக்டர் வீட்டுச் சாமான் முக்கா வண்டி அண்ணா நகருக்குப் போகுது. மிச்ச இடத்துல உங்க சாமானைப் போட்டுருவோம். ஒரே லாரி, ஒரே ரோடு, உனக்குக் கால்வாசி வாடகை."

"கிலோமீட்டர் கணக்கு எப்படி அண்ணாச்சி?"

"சாமான் உன் வீட்டு வாசலைத் தொடுத வரைக்கும் ஓடும். தொட்டா நின்னுரும். அம்புட்டுதான் ரூலு."

டாக்டர் வீட்டுச் சாமான் முன்பக்கம் ஏறியது. நடக்கிற மெஷின், தேக்கு ஊஞ்சல், அவர்கள் நாய்க்கென்று தனியாக ஒரு கட்டில். பின்பக்கம் எங்களுடையது ஏறியது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு பீரோ, கிரைண்டர், பெட்டிகள், கடைசியாக அரிசி டிரம்.

அந்த டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் முழங்கால் வரை ஏறும். ஏறாத உயரத்தில் கல் அடுக்கி வைத்திருந்த ஒரே பொருள் அரிசி டிரம்தான். அதனால் பத்தாம் வகுப்பிலிருந்து என் சான்றிதழ்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் அந்த அரிசிக்குள்தான் இருந்தன. எலி தொடாது, மழை தொடாது, திருடனுக்குத் தோன்றாது. புறப்படும் காலையில் நான் ஃபைலை எடுத்து என் கைப்பையில் வைத்தேன். அம்மா அதை எடுத்துத் திரும்ப அரிசிக்குள் புதைத்தாள்.

"பஸ்ல ஏறுனதும் தூங்கிருவ. பையை எவனாவது தூக்கிட்டுப் போவான். டிரம்ல இருந்தா ஒண்ணும் ஆகாது. இத்தனை மழைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நாங்கள் அம்பத்தூர் பக்கம் பிடித்திருந்த ஒற்றை அறை வீட்டுக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்த அன்றே லாரியும் வந்தது. டிரைவர் பிலவேந்திரன் இறங்கி, பின்கதவைத் திறந்து, தலையைச் சொறிந்தார். முன்பக்கம் காலி, அது அண்ணா நகரில் இறங்கிவிட்டது. பின்பக்கத்தில் எங்கள் சாமானைச் சுற்றிக் கட்டிய கயிறு கட்டியபடியே இறுக்கமாக நின்றது, கட்டிலின் உயரத்துக்கு ஏறி, பீரோவின் மூலையில் வளைந்து, டிரம்மின் வயிற்றைச் சுற்றி வட்டமாக. ஆனால் அந்தக் கயிற்றுக்குள் கட்டிலும் இல்லை, பீரோவும் இல்லை, டிரம்மும் இல்லை.

"எங்கேண்ணே இறக்குனீங்க?" என்றேன்.

"இறக்கலைம்மா. முடிச்சு போட்டது போட்டபடி இருக்கு பாரு. வண்டி வந்திருச்சு, உன் சாமான் இன்னும் வரலை. கொஞ்ச பேருக்கு இப்பிடித்தான் ஆகும், அவிய ரோடு நீளம். இப்போ மேலூர் பக்கம் இருக்கும்." கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "சன்னல் கம்பில கட்டிப் போடு. சாமான் கிட்ட வர வர இது இறுகும்."

அடுத்த லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் கயிற்றைச் சன்னலில் கட்டினேன். மறுமுனை தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாடிக்கு மேலே போய், தெற்கே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிந்தது.

அன்றைக்கு டாக்டரின் மனைவி போன் செய்தார், அவர்களுடைய பெட்டி எதுவும் எங்களோடு மாறி வந்திருக்கிறதா என்று கேட்க.

"எங்களுது காலையிலேயே வந்துடுச்சும்மா, ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையல. உங்களுது வரலையா? அடடா. நீங்க கொஞ்சம் முன்னாடியே பிளான் பண்ணியிருக்கணும்."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஓடுத கிலோமீட்டருக்கு நான் என்ன செய்ய முடியும் தாயி? இப்பமே ரெண்டு மடங்கு ஓடிருக்கு. பில்லு கூடத்தான் வரும். நீ முதல்லயே யோசிச்சிருக்கணும்லா?"

போனை வைத்துவிட்டு நான் வெளியே வந்து பார்த்தபோதுதான் அந்தத் தெருவில் எல்லாச் சன்னல்களிலும் கயிறு கட்டியிருப்பது கண்ணில் பட்டது.

அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் மாதிரிதான், பரமக்குடியிலிருந்தும் தேனியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கால் லாரியில் சாமானை ஏற்றிவிட்டு வந்தவர்கள், சிலர் போன மாசம், சிலர் போன வருசம், ஒரு குடும்பம் மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பே வந்தது, அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அதன் தொட்டில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. காலையில் எழுந்து வாசல் தெளிப்பதுபோல் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். குழாயடியில் "உங்க பீரோ எங்க இருக்கு?" "திருச்சி தாண்டிடுச்சாம்" என்று விசாரித்துக்கொள்வார்கள். சாமான் விழுப்புரத்தைத் தாண்டியவர்கள் தாண்டாதவர்களிடம் கொஞ்சம் மிதப்பாகவே பேசுவார்கள். கயிற்றில் துணி காயப்போடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது, பாரம் தாங்காமல் சாமான் பின்னால் போய்விடுமாம். பெண் பார்க்க வந்தவர்கள் சீர்வரிசையைக் கேட்டால், பெண் வீட்டார் கயிற்றைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

தெருமுனையில் லூர்து என்பவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்கு 'வரும்வரை' என்று பெயர். வாளி, பாய், அடுப்பு, தலையணை எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். நான் தெரியாத செலவுக்கு என்று வைத்திருந்த தொகை ஒரு வாரத்தில் அந்தக் கடைக்குள் போய்விட்டது. பிறகு அரிசிக்கு வைத்தது போனது, பிறகு பருப்புக்கு வைத்தது. சொந்தமாகக் கிரைண்டர் வைத்திருக்கும் நாங்கள், வந்துகொண்டிருக்கும் அந்தக் கிரைண்டருக்கு ஏறிக்கொண்டிருக்கும் வாடகையையும் நினைத்துக்கொண்டு, இன்னொருவர் கிரைண்டருக்கு வாடகை கொடுத்தோம்.

லூர்து கடையில் ஒரு பித்தளைச் செம்பும் இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கென்றே வைத்திருந்தார். தெருவில் குடிவந்த அத்தனை பேரும் அந்த ஒரே செம்பில்தான் பால் காய்ச்சியிருக்கிறார்கள், அரை மணி நேரத்துக்கு வாடகை. அதை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து நீட்டினார்.

"காச்சிடுங்கம்மா. நல்ல நேரம் போயிடப்போவுது."

அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்தவன் செம்புல பால் காய்ச்சி நான் குடிவர மாட்டேன். என் பாத்திரம் வரட்டும்."

"எல்லாரும் இதுலதாம்மா காய்ச்சினாங்கோ."

"அதான் எல்லாரும் இப்பிடி இருக்காவ."

அன்றிலிருந்து அம்மா அந்த வீட்டை வீடு என்று சொல்வதில்லை, ரூம் என்றே சொன்னாள். விருந்தாளி மாதிரி கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பளத்து வெயிலில் நாள் முழுக்க நின்றவள், அந்த அறைக்குள் நிற்க இடமில்லாதவள்போல் ஒடுங்கிப்போனாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

என் கம்பெனியிலோ, ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டாமல் வேலையில் சேர்க்க முடியாது என்று சொல்லி, பெரிய மனது பண்ணி ஒரு நாற்காலியில் உட்கார மட்டும் அனுமதித்திருந்தார்கள். ஆளெடுக்கும் பிரிவின் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரிஜினல் எங்கே?"

"வந்துகிட்டு இருக்கு சார்."

"எதுல?"

"அரிசி டிரம்ல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வரணும். இல்லைன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம். இதெல்லாம் முன்னாடியே பிளான் பண்ண மாட்டீங்களா?"

நான் குனிந்தபடி வெளியே வந்தேன். குனிந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அவர் வீடு மாறினால் அவர் கம்பெனியே லாரி அனுப்பும், ஆள் அனுப்பும், பெட்டி அனுப்பும். அவர் வாழ்நாளில் ஒரு அட்டைப்பெட்டிக்காக மருந்துக்கடை வாசலில் நின்றிருக்க மாட்டார்.

அன்று மாலை கோபத்தில் எங்கள் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன். அது அசையவில்லை, வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. பக்கத்து வீட்டுக் கலைவாணி அக்காவின் கயிற்றைப் பிடித்தேன், அவர் பரமக்குடியிலிருந்து போன வருசம் வந்தவர், அதே இறுக்கம். அதற்கடுத்த சன்னல், அதே இறுக்கம். தெரு நெடுகத் தொட்டுக்கொண்டே போனேன். போன மாசம் வந்தவருக்கும் தொட்டில்காரருக்கும் கயிறு ஒன்றுபோல் இறுகியிருந்தது.

"அக்கா, இது எதுவுமே வந்துகிட்டு இல்லை. எல்லாம் ஒரே இடத்துல நிக்குது," என்றேன்.

கலைவாணி அக்கா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். வாடகை வாளி. "நிக்குதா? எங்க கட்டில் மதுராந்தகத்துக்கிட்ட வருதுன்னு அவர் தினம் சொல்லிக்கிட்டு இருக்காரேடி!"

லூர்து தன் கடை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அதையெல்லாம் ரொம்ப நோண்டாதே தங்கச்சி. வர்றது வரும். அவசரப்பட்டா அறுந்துடப்போவுது."

"அறுந்தா உங்களுக்கென்ன நஷ்டம்ணே?" என்றாள் அம்மா. குடிவந்த பிறகு அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏட்டி கனி, நாளைக்கு லீவு போடு. சாமான் நம்மகிட்ட வரலைன்னா நாம சாமான்கிட்ட போவோம்."

மறுநாள் வியாழக்கிழமை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினோம், நானும் அம்மாவும் கலைவாணி அக்காவும். தெருவின் கயிறுகள் எல்லாம் தலைக்கு மேலே ஒரு கற்றையாகத் திரண்டு, தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, நெடுஞ்சாலையோடு போய், கூத்தன்மேடு என்ற இடத்துச் சுங்கச்சாவடியில் இறங்கின.

அங்கே பல வரிசைகள் இருந்தன. எல்லாவற்றிலும் கம்பு ஏறி இறங்கி ஏறி இறங்கி, கார்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசி வரிசையில் மட்டும் கம்பு இறங்கியே கிடந்தது, கூண்டுக்குள் ஆள் இல்லை. அந்தக் கம்புக்குப் பின்னால், லாரி இல்லாமல், ஆள் இல்லாமல், சாமான்கள் தாமாகவே வரிசையில் நின்றன, கட்டிலுக்குப் பின்னால் கட்டில், பீரோவுக்குப் பின்னால் பீரோ, தையல் மெஷின், ஆட்டுக்கல், மூன்று சக்கர சைக்கிள், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், வெயிலில் சாயம் போய், புழுதி மூடி, முன்னால் இருக்கும் சாமானை இடித்துவிடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, அவ்வளவு ஒழுங்காக நின்றன. வரிசையில் நில் என்றால் நிற்பதற்கு எங்கள் கட்டில்கூடக் கற்றுக்கொண்டிருந்தது.

சாவடியின் சூப்பர்வைசர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ.

"இந்த வரிசையை ஏன் சார் திறக்கலை?"

"இதுக்கு ஆள் போடலைம்மா. மேல எழுதியிருக்கோம்."

"எப்போ எழுதினீங்க?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே எழுதியிருக்காங்க."

"எங்க சாமான் வந்த அதே லாரியில டாக்டர் வீட்டுச் சாமான் போயிருக்கே சார்? அவங்க நாய்க் கட்டில் போயிருக்கே?"

"லாரி ஒண்ணுதான். சாமான் வேற வேற இல்லையா? அது அந்த வரிசையில போவும், இது இந்த வரிசையில நிக்கும்."

"சரி, என் ஃபைலை மட்டும் எடுத்துக்கிறேன். நாளைக்கு மதியத்துக்குள்ள காட்டணும்."

"வழியில இருக்கிற சாமானைத் தொடக்கூடாதும்மா. வீட்டு வாசலைத் தொடுற வரைக்கும் அது எங்க கணக்கு. நிக்கிற நேரத்துக்கும் கிலோமீட்டர் ஏறுது, தெரியும்ல?" பிறகு, அன்பாகவே, நிஜமாகவே அன்பாக, "படிச்ச பொண்ணாத் தெரியுற. முன்னாடியே பிளான் பண்ணியிருக்கலாமே?" என்றார்.

நான் திட்டம் போட்டேன் ஐயா, என்று கத்தினேன். உங்கள் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டம் போட்டேன். உங்களில் எவரும் ஒரு டீயைக்கூடக் கணக்கில் எழுதியிருக்க மாட்டீர்கள். நான் எழுதினேன். நீங்கள் கம்பைத் தூக்க மாட்டீர்கள் என்பதை மட்டும்தான் எழுதவில்லை, அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுத வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இவ்வளவும் எழுத்துத் தமிழில்தான் என் வாயிலிருந்து வந்தது, கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார்கள்.

நான் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்து டீக்கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கினாள். கம்புக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். எங்கள் பெட்டியைக் கண்டுபிடித்து, சேலைக்குள்ளிருந்து எங்கள் பால் பாத்திரத்தை உருவினாள். சாலையோரம் கிடந்த கல்லை எடுத்துக் கிழக்குப் பார்த்து அடுப்புக் கூட்டி, பெட்டிக்கு முட்டுக்கொடுத்த மரச்சட்டத்தை ஒடித்துத் தீ மூட்டினாள். கலைவாணி அக்கா முந்தானையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றார்.

"ஏம்மா, என்ன பண்றீங்க? இது நேஷனல் ஹைவே!"

"செத்த பொறுங்க தம்பி, நேரம் தப்பிரும்."

பால் நுரைத்து ஏறி, விளிம்பில் ஒரு நொடி யோசித்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மா குலவையிட்டாள். உப்பளத்தின் அக்கரைக்குக் கேட்கிற குலவை அது. அத்தனை வரிசைகளிலும் கம்புகள் பாதியில் நின்றன. எங்கள் பெட்டியில் வந்து முடிந்த கயிறு, அதுவரை விறைத்திருந்தது, அப்படியே தொய்ந்து அவள் காலடியில் விழுந்தது.

"வாசலைத் தொடுத வரைக்கும்னுதானே சொன்னிய?" என்றாள் அம்மா. "பால் பொங்கிருச்சு. இது என் வீடு. நீங்க நிக்கிறது என் அடுப்படி."

சூப்பர்வைசர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவரும் எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோன மனிதர்தான். ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு ஒரு கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார்.

"பால் எடுத்துக்கோங்க," என்று அம்மா டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். வேறென்ன செய்வார்?

நான் அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். ஃபைல் இருந்தது. அம்மா சொன்னபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கலைவாணி அக்கா தெருவுக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் பரமக்குடியும் தேனியும் சங்கரன்கோவிலும் பஸ்ஸில் வந்து இறங்கி, அவரவர் சாமானை அடையாளம் கண்டு, அவரவர் சொந்தப் பாத்திரத்தில் பால் காய்ச்சினார்கள். ஒவ்வொரு பால் பொங்கும்போதும் ஒரு கயிறு விழுந்தது. விழுந்த கயிற்றுக்கு உரியவர்கள் மினி லாரி பிடித்துச் சாமானை ஏற்றிக்கொண்டு பக்கத்து வரிசையில் போனார்கள். எங்களையும் ஏறச் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்றாள். வரிசையில் இன்னும் ஆள் வராத சாமான்கள் நின்றன, அதற்குரியவர்கள் வரும்வரை அங்கே ஒரு வீடு இருக்கட்டும் என்றாள். கட்டிலைப் போட்டாள். எங்கள் கயிற்றைக் கம்பின் மேல் போட்டுச் சேலையைக் காயவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் நான் ஃபைலை அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் உறையைப் பிரித்தபோது நாலு அரிசி உருண்டு வந்து மேசைக் கண்ணாடியின் மேல் நின்றது. ஒரிஜினலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையாட்டினார், ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"தற்போதைய முகவரியை எழுதுங்க. லாரி ஆபீஸ்ல இருந்து ஒரு பில் வந்திருக்கு, கூடுதல் கிலோமீட்டர், காத்திருப்புக் கட்டணம்னு. உங்க சம்பளத்துல பிடிக்கச் சொல்றாங்க."

"சாமான் வீட்டு வாசலைத் தொட்டதோட கணக்கு நின்னுடும் சார். அது அவங்க ரூல். அதுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன். பிடிச்சீங்கன்னா எழுதிக் கொடுத்துட்டுப் பிடிங்க."

இந்தத் தடவை நான் குனியவில்லை. கூத்தன்மேடு சுங்கச்சாவடி, கடைசி வரிசை, கம்புக்கு உள்பக்கம் என்று எழுதி, தாளைத் திருப்பித் தள்ளினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த முகவரியை நாங்க நேர்ல வந்து சரிபார்க்கணுமே?"

"வாங்க சார்," என்றேன், மேசையில் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டே. "செருப்பை மட்டும் கம்புக்கு வெளியே கழற்றிட்டு வாங்க."